ஒன்று விழுந்தால்

பாகாவில் மழை பிடித்த சனிக்கிழமை.
வெய் லூனின் டயர் கடை, பின்கட்டு.
லோரி டயர் இரண்டின் மேல் ஒரு பலகை,
பலகை மேல் வரைபடம், முறுக்கு, நாலு கோப்பை தே ஓ.
தோட்ட ஆபீசில் நான் கிராணி.
இங்கே விதி எழுதுகிறவள்.
குலைச் சீட்டின் முதுகில்தான் எழுதுவேன்,
பழைய சீட்டை யாரும் கேட்பதில்லை.

இருபது முகப் பகடை ஒன்று அஞ்சலில் வந்தது.
உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டிப் பார்த்தேன்.
பதினான்கே திரும்பத் திரும்பத் தலைதூக்கிற்று.
அதை மீன்தொட்டிக்குள் போட்டுவிட்டு
வேறு வாங்கினேன்.
நேர்மையான பகடைக்கு
ஞாபகம் இருக்கக் கூடாது.

ஆறுமுகக் கட்டை இரண்டை உருட்டினால்
ஏழுக்கு ஆறு வழி, பன்னிரண்டுக்கு ஒரே வழி.
நடுவில் நெரிசல், ஓரங்களில் ஆளில்லை,
சம்பள வாரத்துப் பாசார் மாலாம் மாதிரி.
இருபது முகத்தில் அப்படியில்லை.
எந்த எண்ணுக்கும் ஒரே தூரம்,
செம்பனை நட்ட கணக்கு.

அந்தச் சமதூரம் எனக்குப் பிடித்திருந்தது.
எழுதினேன், விதி பதினொன்று:
ஒன்று விழுந்தால் ஆயுதம் உடையும்.

"தாயத்துல ஒண்ணு விழுந்தாத்தானே காய் எறங்கும்?
நீ என்ன தலகீழா வச்சிருக்க?"
சுசீந்திரன் கேட்டான்.
என் ஆட்டம், என் விதி என்றேன்.

ஹாஃபிஸின் பாலக்காவலன் புதுசு,
சுற்றுக்கு ஒரு வீச்சு.
சுசீந்திரனின் மறத்தி
ஒன்பது மாதம் ஆடி வளர்த்தவள்,
சுற்றுக்கு நாலு.
அன்றைக்குச் சேற்றரக்கன் எதிரே
அவள் வாள் உடைந்தது.
இரவல் கோடரி உடைந்தது.
பிறகு ஒரு படகுத் துடுப்பு.
வெய் லூன் சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டினான்,
வரைபடத்தில் ஒரு ராஜ்யம் ஊறிப்போனது.
காவலன் மட்டும் துருப்பிடித்த ஈட்டியோடு
பத்திரமாக நின்றான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.
ஒரு வீச்சுக்கு நூற்றில் ஐந்து.
நாலு வீச்சுக்குப் பதினெட்டரை.
கை தேறத் தேற உடைகிறது.
என் விதி
கெட்டிக்காரியாகத் தேடிப் போய் அடிக்கிறது.
பகடையில் பழுதில்லை.
உப்புத் தண்ணீரில் போட வேண்டியது
என் வாக்கியத்தை.

பென்சில் முனை முறிந்தது.
சீட்டு புரண்டது.
அந்தப் பக்கமும் என் கையெழுத்து:
காய்க்குலை ஐந்து. வெட்டியவர், சுசீந்திரன்.

நாளைக்கு இருநூறு குலை வெட்டுகிறவன் அவன்.
நாற்பது வெட்டுகிறவனுக்குக் காய் ஒன்று.
ஆபீஸ் பலகையில் சிவப்பு மையில் நான் ஏற்றுவது
ஐந்தை.
இருநூறுக்கு அங்கே பத்தியில்லை.
மூன்று வருடமாக ஏற்றுகிறேன்.
ஒரு நாளும் அவன்
"என்ன தலகீழா வச்சிருக்க" என்று கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை, விதி பதினொன்று, திருத்தம்:
சுற்றின் முதல் வீச்சுக்கு மட்டுமே இது செல்லும்.
ஒன்று விழுந்தால் வீச்சு தவறும்.
உடைவதும் உடையாததும் ஆடுகிறவர் இஷ்டம்.
ஆயுதத்தைக் கொடுத்தால் அது தாயம்,
பூட்டிய இடத்துக்குள் ஓரடி இறங்கலாம்.

சுசீந்திரன் இரண்டு தடவை படித்தான்.
முள் கீறிய கைக்குள் பகடையைக் குலுக்கினான்.
"இப்ப சரி" என்றான்.
விழுந்தது பதினேழு.
அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்,
பலகையில் இன்னொரு பத்தி வேண்டும்,
'மொத்தம்' என்று.
அவர் தலை நிமிராமல் சொன்னார்,
"எடமில்ல."

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு
கையை வைத்து அளந்தேன்.
வலது ஓரத்தில்
நாலு விரல் இடம் இருக்கிறது.