பூர்த்தி செய்தவர்

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில்
பெயிண்ட் கடைக்கு மேல்மாடி எங்கள் அறக்கட்டளை.
நாற்காலி ஐந்து, பீரோ ஒன்று,
மூன்றாம் நம்பரில் மட்டும் ஓடுகிற ஃபேன்.
பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளில்
ஊருக்கு உழைத்த மூன்று பேருக்கு
கல்லூரிக் கட்டணம், மூன்று வருடம்.
வந்தவை இருநூற்றுப் பதினொன்று.
பிரித்து நம்பர் போட்டு நூல் கட்டுவது
என் வேலை.

முக்கூடலிலிருந்து ஏழு.
மூன்றாவதைப் பிரித்தபோதே கண்ணில் தட்டியது.
ஒரே கை.
'ழ'வின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில்
துண்டு விரிப்பதுபோல இழுத்துவிடும் கை.

சமூகத்துக்கு நீங்கள் செய்தது என்ன?
இதற்கு நாங்கள் விட்டிருந்த இடம் நாலு வரி.

உச்சிமாகாளி என்றொரு பையன்.
முதல் வரியில், 'ஒன்றுமில்லை.'
அதன்மேல் ஒரு கோடு.
கீழே நெருக்கி நெருக்கி:
ஆறு ஊருக்குள் வந்த வாரம்
சத்துணவுக் கூடத்தில் முழங்கால் சேறு.
எட்டு நாள் அள்ளினான், இரவல் மண்வெட்டியில்.
பாம்பு மூன்று. அடிக்கவில்லை,
சாக்கில் பிடித்து மேட்டில் விட்டான்.

அந்தக் கோட்டுக்கும் அடுத்த வரிக்கும் நடுவில்
யாரோ அவனை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள்.
'சும்மா சொல்லாதல. அந்த வாரம் எங்க இருந்த?'

ஜெனிபா, வாரம் இருமுறை,
பக்கத்து வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் கூட்டிப்போகிறாள்.
ஜன்னல் சீட் அவருக்கு.
வாந்திக்குப் பை இவள் மடியில்.
மடியில் என்பதைக்கூடக் கேட்டு
எழுதியிருக்கிறது அந்தக் கை.

கடைசிப் பக்கத்தில், நாங்களே மறந்துபோன கட்டம்:
'பூர்த்தி செய்தவர்.'
ஏழிலும் மா. முப்புடாதி.
அதே பள்ளி, அதே வகுப்பு, ஒரு போன் நம்பர்.
எட்டாவது விண்ணப்பத்தைத் தேடினேன்.
மேசைக்கு அடியிலும் தேடினேன்.

போன் போட்டேன்.
பின்னால் யாரோ பீடி இலை வெட்டும் சத்தம்.
'நானா? எழுதிக் குடுத்தேன் சார், அவ்வளவுதான்.
அதுல சேவைன்னுல்லா கேட்டிருக்கு.
எங்கம்மைக்குப் பி.எஃப். பாரம் எழுதப் போயி
தெருவுல எல்லாரும் கேக்க ஆரம்பிச்சாவ.
பாரத்துக்குப் பத்து ரூவா வாங்குவேன் சார்.
ஜெராக்ஸ் போக மிச்சம் எனக்கு.'

கமிட்டி கூடியது.
ஒரே கையெழுத்து, ஏழையும் தள்ளிவிடலாமா என்றார் செயலாளர்.
பிள்ளைகள் பாவம் என்றார் தலைவர்.
தைரியம் வந்து நான் அவள் பெயரைச் சொன்னேன்.
விண்ணப்பிக்கவே இல்லையே என்றார் ஒருவர்.
பொருளாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
'காசு வாங்கினா அது எப்படிய்யா சேவை?'

மிக்சர் தட்டு சுற்றி வந்தது.
அறத்தைக் கட்டிக் காப்பதற்கு
மாதம் ஒன்பதாயிரம் வாங்குகிறவன் நான்.
எங்கள் விண்ணப்பத்தின் விலையும்
பத்து ரூபாய்தான்.
வாயில் மிக்சர் இருந்தது.

மூவரில் ஒருவன் உச்சிமாகாளி.
கடிதம் போட்டோம், கூடவே
வங்கி விவரம் கேட்டு ஒரு படிவம்.

இன்று காலை தபாலில் அது திரும்பி வந்தது.
பெயர், கிளை, கணக்கு எண்,
எண்கள் ஒன்றோடொன்று முட்டாமல்.
ஊர்ப்பெயருக்கு முன்னால் கீழத்தெரு.
அந்த 'ழ'வின் வால்
தெரு முழுக்க ஓடியிருந்தது.

பத்து ரூபாய் வாங்கியிருப்பாள்.
வாங்கியிருக்கட்டும்.