பதினான்காம் நாள்

ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
ஏற்காடு பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பறித்த கொடி.
நிழலில் காய்ந்து, இடிபட்டு, எத்தனாலில் ஊறி,
பழைய டீத்தூள் நிறத்தில்
ஒரு குப்பிக்குள் வந்து சேர்ந்துவிட்டது.
லேபிளில் மலை இல்லை, மழை இல்லை.
சாறு ஏழு. அவ்வளவுதான்.

முதல் கேள்வி, இது கொல்லுமா.
காக்குமா என்பது அப்புறம்.

ஆறு பெண் எலிகள். இரவெல்லாம் பட்டினி.
தலையில், முதுகில், வாலடியில்
பிக்ரிக் அமிலத்தில் மஞ்சள் பொட்டு.
பெயர் வைக்கக் கூடாது, அதனால் நிறம் வைக்கிறோம்.
அரை மணியில் பார்.
நாலு மணி நேரம் கழித்துப் பார்.
பிறகு பதினான்கு நாள், தினம்:
ரோமம் சிலிர்த்திருக்கிறதா, எச்சில் வடிகிறதா,
நடுக்கம், நடை, தூக்கம்.
ஓர் உயிர் சாகாமலிருப்பதை
இவ்வளவு கவனமாக
நான் வேறெங்கும் எழுதியதில்லை.

இருசப்பன் கூண்டு கழுவுபவர்.
கன்னங்குறிச்சியிலிருந்து சைக்கிள்.
கல்லூரி மேட்டில் இப்போதெல்லாம் இறங்கித் தள்ளுகிறார்.
நாக்கடியில் வைக்கிற மாத்திரையும் பீடிக்கட்டும்
ஒரே சட்டைப்பையில்.
"நெஞ்சுக்குத்தானே மேடம் இது?" என்றார் ஒருநாள்,
குப்பியைக் கண்ணால் காட்டி.
"எலி நெஞ்சுக்கு" என்றேன்.
சிரித்தார்.
நான் சிரித்திருக்க வேண்டாம்.

ஆறாம் நாள் காலை
குப்பியில் நாற்பது மில்லி இறங்கியிருந்தது.
மூடி இறுகாமல் சிந்தியிருக்கலாம்.
தட்டில் கறை இல்லை.
பக்கத்து மேசை ஜெசிந்தா எடுத்திருக்கலாம்.
அவள் விடுப்பில் இருந்தாள்.
நான் யாரையும் கேட்கவில்லை.
கேட்டால் ஒரு பொய் வரும்,
அல்லது ஒரு வேலை போகும்.

அன்று பார்த்தேன், அரை மணிக்கொரு தடவை.
வாளி தூக்கும் கையில் நடுக்கம் இல்லை.
மதியம் தட்டுவடை செட் இரண்டு, காரம் தூக்கலாக.
நடை, வழக்கம்போல்.
மூன்று மணிக்கு மூட்டைமேல் சாய்ந்து தூங்கினார்,
விலா ஏறி இறங்குவதை
கதவிடுக்கில் எண்ணினேன்.
ஞாயிறு அவர் வர மாட்டார், தெரியும்.
ஆனாலும் வந்தேன்.
அவர் சைக்கிள் சாய்க்கும் புங்கமரத்தடியில் நின்றுவிட்டு
பஸ் பிடித்தேன்.

எடை தெரியாது. வெறும் வயிறா, தெரியாது.
ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் இருசப்பன் இல்லை.
நெறிமுறைக் குழுவின் எந்தப் படிவத்திலும்
இப்படியொரு கட்டம் இல்லை.

எலிகளின் பதினான்காம் நாள் முதலில் வந்தது.
ஆறும் பிழைத்திருந்தன.
பிழைத்தவற்றைக் கொன்று உள்ளே பார்ப்பதுதான் முறை.
அவர்தான் பிடித்துக்கொடுத்தார், உலுக்காமல்,
ஏதோ முனகிக்கொண்டே.
ஒவ்வொரு இதயமும் ஒரு புளியங்கொட்டை.
துடைத்து எடை போட்டேன்.
புண் இல்லை, வீக்கம் இல்லை.
"இந்த அளவில் தீங்கில்லை" என்று எழுதினேன்.
அடுத்த மாதம் புது எலிகள் வரும்.
ஊசி போட்டு இதயத்தை நாங்களே கெடுத்து
சாறு அதைக் காக்கிறதா என்று பார்ப்போம்.

அவருடைய பதினான்காம் நாள் ஒரு வியாழன்.
சுண்ணாம்புக் கரட்டுத் தூசி சீட்டில் வெள்ளையாக,
மேட்டில் அதே இடத்தில் இறங்கி
தள்ளிக்கொண்டு வந்தார்.
கூடவுமில்லை. குறையவுமில்லை.

"என்ன மேடம், ரெண்டு வாரமா என்னையே பாக்குறீங்க?"

குப்பி அலமாரிச் சாவி என் பையில் கனத்தது.
நாளைக்கு ஜி.எச்.சில் சீட்டு போட்டிருப்பதை
இன்னும் சொல்லவில்லை.

"கண்ணைக் காட்டுங்க" என்றேன்.
கீழிமையை அவரே விரலால் இழுத்துக் காட்டினார்,
கேள்வி கேட்காமல்.

மஞ்சள் இல்லை.