மூன்றாம் சேனல்

டேனிஷ்பேட்டைக்கும் லோக்கூருக்கும் இடையில்
வளைவு நிமிர்கிற இடத்தில்
தண்டவாளத்துக்குக் கீழே நான்கு கருவிகள் புதைத்திருக்கிறோம்.
ஜல்லிக்கு அடியில் ஒன்று.
போர்த்திய சரளைக்குள் ஒன்று.
செம்மண்ணில் மூன்றாவது, தொண்ணூறு சென்டிமீட்டரில்.
நான்காவது புதைத்த அன்றே செத்துவிட்டது;
அதற்கும் மாதாமாதம் கணக்கு எழுதுகிறேன்.

பச்சை இரும்புப் பெட்டியின் மேல்
சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு
கீமேன் அர்த்தநாரி கேட்டார்:
"நான் நடந்தா இதுல காட்டுமா?"
காட்டாது.
சரக்கு வண்டியின் ஓர் அச்சு இருபத்திரண்டு டன்.
உங்கள் எடை, சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி
எல்லாம் சேர்ந்தும் வெறும் இரைச்சல்;
வடிகட்டி எடுத்துவிடுவோம்.
"பதினோரு வருஷமா டெய்லி போக வர நடக்கறேன்."
அவ்வளவுதான் சொன்னார்.
தூக்கை எடுத்துக்கொண்டு
தளர்ந்த கிளிப் ஒன்றை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை
ஏற்காட்டில் கொட்டியது.
இங்கே ஒரு பொட்டு இல்லை.
புளிய இலையில் புழுதிகூட அப்படியே.
மழைமானியில் சுழியம்.
சனி, சுழியம். ஞாயிறும்.
திங்கள் விடிகாலை நாலேகாலுக்கு
மூன்றாம் சேனல் ஏறத் தொடங்கியது.
பதினாறு விழுக்காடு. பத்தொன்பது. இருபத்துமூன்று.

முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன்.
போன முறை கம்பி அறுந்து
ஒன்பது நாள் காலியாகக் கிடந்தபோது
'காரணம்' என்ற கட்டத்தில் 'அணில்' என்று எழுதினேன்;
சேலம் அலுவலகமே சிரித்தது.
இந்த முறை கம்பி நன்றாகத்தான் இருந்தது.
காப்பிச் செடிகளின் வேரடியில் இறங்கி
பாறை வெடிப்புகளில் வழி கேட்டுக் கேட்டு
மூன்று நாள் நடந்து வந்திருக்கிறது தண்ணீர்,
மேலே யாருக்கும் தெரியாமல்.

அன்று பகல் மேட்டூருக்கு நிலக்கரி வண்டி.
ஐம்பத்தெட்டுப் பெட்டி, அதே சுமை.
போன வாரம் ஒரு மில்லிமீட்டர் அமிழ்ந்த மண்
இன்றைக்கு இரண்டரை.
அது பரவாயில்லை, அமிழ்வது மண்ணின் வேலை.
வண்டி போனபின் கோடு திரும்பி வரவேண்டும்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வந்தது.
வந்தது.
பழைய கோட்டைத் தொடாமல் நின்றுவிட்டது.
ஒரு மயிரிழை.
அடுத்த வண்டி, இன்னொரு மயிரிழை.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேம்மா"
என்றார் பிரிவுப் பொறியாளர் குழந்தைவேலு.
கண்ணுக்குத் தெரிகிற அன்று
என்னையா சார் கூப்பிடுவீர்கள், ஆம்புலன்ஸை அல்லவா
என்று கேட்க வந்து
அச்செடுத்த வரைபடத்தை நீட்டினேன்.
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்.
மணிக்கு முப்பது, மறு உத்தரவு வரை.
பக்க வடிகால் வெட்ட ஆறு ஆள்.

புதன் இரவு நானே அவ்வழியே சென்னைக்குப் போனேன்.
எஸ் ஐந்து, கீழ்ப் படுக்கை.
டேனிஷ்பேட்டை தாண்டியதும் வண்டி ஊரத் தொடங்கியது.
எதிர்ப் படுக்கைக்காரர் போர்வையை விலக்கி
"ஸ்டேஷனும் இல்ல, சிக்னலும் இல்ல,
எதுக்குங்க இப்பிடி உருட்டறான்?" என்றார்.
ஜன்னலுக்கு வெளியே
கைவிளக்கு ஒன்று ஜல்லி ஓரமாக நடந்துகொண்டிருந்தது.
அர்த்தநாரியா, வேறு யாருமா, தெரியவில்லை.
"வெள்ளிக்கிழமை ஏற்காட்டுல மழைங்க" என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.