ஒரு வண்டி வரட்டும்

ஒன்பதே முக்காலுக்கு
லபுக்கலை வளைவில் மலை இறங்கியது.
பெரிய சரிவென்று சொல்ல முடியாது:
ரெண்டு டிப்பர் மண்,
வேரோடு ஒரு கருப்பந்தைல மரம்,
அம்மி அளவில் ஏழெட்டுக் கல்.
அள்ளுவது என் வேலை.
அள்ளும்போது, வருகிறவனுக்கு
முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

பனி அதற்குள் ரோட்டைக் குடித்துவிட்டது.

என் பெக்கோ மஞ்சள்.
தூரத்திலேயே தெரியட்டும் என்றுதான்
அந்த மஞ்சளை அடித்தார்களாம்.
எந்த ஊர் வெயிலில் நின்று யோசித்தார்களோ.
இங்கே பத்தடிக்கு அப்பால்
மஞ்சளும் சாம்பல்
சிவப்பும் சாம்பல்
உள்ளே உட்கார்ந்திருக்கிற நானும்.

போன ஐப்பசியில் ஒரு டிப்பர் வந்து
பின்கையில் முட்டியது.
முன்கண்ணாடி உப்புக்கல்லாய் உதிர்ந்தது.
ஓட்டிவந்த பையன் நிஸாம்தீன், கம்பளைக்காரன்,
இறங்கி நின்று நடுங்கினான்.
"லைட் மின்னினத கண்டேன் அண்ணே.
எங்க மின்னுதுண்டுதான் வெளங்கல்ல."

அந்தச் சொல்லை ஒரு மாதம் மென்றேன்.

கூரையில் சுழல்கிற விளக்கு
வந்து போகிறது, வந்து போகிறது.
போகிற அந்த அரை நொடியில்
நான் எங்கே இருந்தேன் என்பதை
வருகிறவன் தவறவிடுகிறான்.
மறுபடி மின்னும்போது
அவனுக்கு நான் புது ஆள்.

கந்தோரில் சொன்னேன்.
பெரிய விளக்காய்ப் போடுவோம் என்றார் விஜேகோன் மாத்தியா.
வெள்ளை. கண் கூசுகிற வெள்ளை.
பனி அதை வாங்கி
என் முகத்திலேயே திருப்பி எறிந்தது.
சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் கட்டி
அதற்குள் நின்று மண் அள்ளினேன், மூன்று நாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
நானும் வெல்டர் அந்தோனிமுத்துவும்
பழைய பஸ்ஸில் கழற்றிய பின்விளக்கு இரண்டை
பெக்கோவின் இரண்டு ஓரத்திலும் வைத்தோம்,
தாழ, டிரைவரின் கண்மட்டத்துக்கு.
மின்னாத சிவப்பு.
சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிற சிவப்பு.
இரண்டுக்கும் நடுவே உள்ள இருட்டுத்தான் நான்.
அந்த இருட்டு அகலமாகிக்கொண்டு வந்தால்
நீ கிட்ட வருகிறாய், பிரேக்கைத் தொடு.
இதற்கு மூன்று மொழியில் பலகை வேண்டியதில்லை.

இன்றைக்கு நுவரெலியா பஸ்
நாற்பதடி தள்ளியே நின்றது.
ஹோர்ன் இல்லை, ஏச்சு இல்லை.
டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு
வெற்றிலை மடித்தார்.
எனக்குச் சான்றிதழ் அது போதும்.

இன்னொன்றும் இருக்கிறது.
பின்பக்கம் ஒட்டக் கொடுத்த ரிஃப்ளெக்டர் நாடாவில்
மூன்று மீற்றர் மிச்சம்.
புத்தகத்தில் அது பெக்கோவில் இருக்கிறது.
பெக்கோவில் இல்லை.

காலை ஆறரைக்கு
ரோட்டோரமாய் மலைக்குப் போகிறவர்களை
கெபினிலிருந்து எத்தனை தரம் பார்த்திருப்பேன்,
பார்த்தேன் என்றா சொல்வது,
கடைசி நேரத்தில் ஒடித்துத் திருப்பியிருப்பேன்.
இடுப்பில் படங்கு, தலையில் கவிழ்த்த உரச்சாக்கு.
அவர்களுக்குக் கூரையில் விளக்கில்லை.
ஓரத்து வெள்ளைக்கோடும் போன மழையோடு போயிற்று.

முதலில் அமராவதியின் படங்கில்
இரண்டு விரல் அகலத்தில் இரண்டு துண்டு,
வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.
"ஏன், நான் என்ன லொறியா?" என்றாள்.
கட்டிக்கொண்டுதான் போனாள்.
மறுநாள் லயத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள்,
கத்தரிக்கோலையும் கையோடு கொண்டு.

நாலரை மணிக்கு விஜேகோன் மாத்தியா
புத்தகத்தோடு வந்து நின்றார்.
"மூணு மீற்றர் எங்கே?"

கொழுந்து நிறுத்துவிட்டு
இறங்குகிற நேரம்தான்.
வளைவுப் பக்கம் கையை நீட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
வெறும் பனி. காலடிச் சத்தம். யாரோ சிரிப்பது.
"ஒண்ணும் தெரியல்லியே" என்றார்.

பொறுங்கள் மாத்தியா,
நமக்குப் பின்னாலிருந்து
ஒரு வண்டி வரட்டும்.