குளிர் எதுவரை

பத்தொன்பது கிலோ.
மயங்கிய பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து
முழங்காலை வயிற்றோடு மடக்கினார்கள்.
பின்பக்கம் பட்டன் வைத்த கவுன்போல
முதுகெலும்பு.

விரலால் எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
ஊசிமுனை போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது,
சிரிஞ்சை அழுத்தும் கட்டைவிரலுக்குத்தான் தெரியும்:
மறுக்கிறது, மறுக்கிறது, இன்னும் மறுக்கிறது,
சட்டென்று விட்டுக்கொடுக்கிறது.
அதற்கப்பால் ஒரு நூல் அளவுகூட
எனக்கு உரிமையில்லை.

“பிரஷர் இறங்கிடாதே?” என்றார் ஷெட்டி.
“புதுக் கிட்னி தாகத்தோடு வருது.”
இறங்கவிட மாட்டேன் என்றேன்.
கை கழுவும்போது மறுபடியும்
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டேன்.

இரவு இரண்டரை.
பன்னர்கட்டா சாலையில் மணல் லாரிகள்.
கையுறையின் ஒரு விரலில் நீர் ஊற்றி
ஃப்ரீசரில் வைத்திருந்தது உறைந்துவிட்டது.
எடுத்து ஷெபாவின் தோளில் வைத்தேன்.
“ஜில்.”
நெஞ்சில்.
“ஜில்.”
தொப்புளுக்கு மேலே. யோசித்தாள்.
“தொடறீங்கன்னு தெரியுது, ஜில்லுனு இல்ல.”
தையலுக்குப் பக்கத்தில்.
“அங்க யாரும் இல்ல.”

“நோவிதியா, புட்டி?” என்றார் சிஸ்டர் கங்கம்மா.
“நோவில்ல.”
கன்னடத்தில் சொன்னாளா தமிழில் சொன்னாளா
பிரிக்க முடியவில்லை.

பைக்குள் மஞ்சளாய் இறங்கிக்கொண்டிருந்தது
இரண்டு வருடமாய் வராதது.
கண்ணாடிக்கு வெளியே அவள் அப்பா
மகளைப் பார்க்காமல் பையின் கோடுகளையே பார்த்தார்.
ஆட்டோ ஓட்டுகிறவர்.
மீட்டர் ஏறுவதைப் பார்த்துப் பழகிய கண்.
வாரம் மூன்று நாள், விடியுமுன்,
மாரிக்குப்பம் பாசஞ்சரில்
இவளைத் தோளில் போட்டு வந்தவர்.

“அம்மாவுக்கும் இந்த டியூப் போட்டீங்களா?”

சார்ட்டில் எழுத ஏதோ இருப்பதுபோல் குனிந்தேன்.
காலையில் கிரேஸ்லினின் முதுகில் மூன்று முறை.
எலும்பு. எலும்பு. ரத்தம்.
விட்டுவிட்டேன்.
அவளுக்கு நரம்புவழி மருந்தும்
அழுத்திக்கொள்ள ஒரு பொத்தானும்தான்.

“இல்ல” என்றேன்.
“ஏன்?”
“எனக்கு வரல.”
கணக்கு வரவில்லை என்று சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
“அப்ப அவங்களுக்கும் ஐஸ் வெச்சுப் பாருங்க.”

பாதி கரைந்த விரலோடு
ஐந்தாவது மாடிக்கு ஏறினேன்.
லிஃப்டில் என் மணிக்கட்டு வழியே சொட்டியது.

தூங்கவில்லை அவள்.
பொத்தான் கையில் இருந்தது, அழுத்தியிருக்கவில்லை.
“அழுத்துனா தூக்கம் வந்துடுது, டாக்டர்.
சேதி வர்ற நேரத்துல தூங்கிட்டா?”

நூற்று எண்பது மில்லி என்றேன்.
வலி இல்லை, எந்த இடத்திலும் இல்லை என்றேன்.
உங்களுக்கு என்னால் முடியாமல்,
என்று ஆரம்பித்தேன்.

“அது கெடக்கட்டும்.
அவளுக்கு முதல் தடவையே சரியா நின்னுச்சா?”

நின்றது.

கையில் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.
வாங்கி, கட்டுக்குப் பக்கத்தில்
தானே வைத்துப் பார்த்தாள்.
பல்லைக் கடித்தாள்.
“குளிருது.
இங்க நல்லாவே குளிருது.”

பிறகு பொத்தானை அழுத்தினாள்.