பதின்மூன்றரைக்கு ஒன்று

எல் ஆல்டோவில் காற்று மெலிந்தது.
மாடி ஏறினால் அதற்கே மூச்சு வாங்கும்.
"கிடைப்பதே கொஞ்சம், இறுக்கிப் பிழிவோம்"
என்றான் எலியுத்தேரியோ,
என் அக்காளின் பழைய கணவன்,
பட்டறையில் இன்னும் என் கூட்டாளி.
தலையில் மேடு வைத்த பிஸ்டன் நான்கு
வாங்கி வந்திருந்தான்,
இரண்டு மாத வாடகையை விழுங்கிய மேடு.

என் பக்கம் சிலிண்டர் ஹெட்.
மூன்று இரவாகத் துளைக்குள் விரலை விட்டு
வளைவைத் தடவிக்கொண்டிருந்தேன்.
வால்வுக்குப் பின்னால் முடியளவு அலுமினியம்
காற்றை முழங்கையால் இடித்தது.
தேய்த்தேன்.
இன்னும் கொஞ்சம் தேய்த்தால் தண்ணீர் வரும்.

பிஸ்டன்மேல் களிமண் அப்பி
கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிரித்தோம்.
களிமண்ணில் வால்வின் முத்திரை,
அடியில் மிச்சம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.
"உன் மேடு என் வாசலை மறிக்கிறது."
"அடுப்பு எரியாத வீட்டுக்கு
வாசல் எத்தனை அகலம் இருந்தென்ன?"
அன்று தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

பிறகு மேட்டின் தோளை அவனே சீவினான்.
ஈடுகட்ட ஹெட்டின் அடியை நான் இழைத்தேன்.
பியூரெட்டில் மண்ணெண்ணெய் சொட்டி அளந்தால்
அறைக்கு முப்பத்திரண்டு சி.சி.,
இரண்டு கரண்டி சூப்.
பதின்மூன்றரைக்கு ஒன்று.
மலைச்சாலையில் அந்தப் பழைய டொயோட்டா
கத்திய கத்தலில்
லாமாக்கள் வேலி தாண்டின.

பந்தயம் சாந்தா குரூஸில்.
கீழே, மாமரங்களின் ஊர்.
டிரெய்லரில் இரண்டு பகல் இறங்கினோம்,
காது ஏழு முறை அடைத்துத் திறந்தது.

அங்கே காற்று கெட்டி.
நான் வழவழப்பாக்கிய பாதையில்
கல்யாண வீட்டுக் கூட்டமாய் நுழைந்தது.
அவனுடைய சின்ன அறையில் இடமில்லை.
மூன்றாம் கியரில் கேட்டது,
தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோல.
ஓரத்தில் ஒதுங்கிய கலவை
தீ வந்து தொடும்வரை பொறுக்காமல்
தானே வெடிக்கிற சத்தம்.

எலியுத்தேரியோ என்னைப் பார்க்கவில்லை.
ஜெயித்தேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை,
குற்றத்தில் பாதி என் வளைவு.
பட்டறையில் சண்டை போட்டது இருவர்தான்.
மூன்றாவது பங்காளி
எங்கள் ஊர்க் காற்று,
சம்பளம் கேட்காமல் பாதி வேலை பார்த்தவள்.
அவளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

இரவு பதினொன்று. கொசு.
அவன் செப்புத் தகட்டில்
தடித்த கேஸ்கெட் வெட்டுகிறான்.
நான் டிஸ்ட்ரிபியூட்டரை
நான்கு டிகிரி பின்னுக்குத் திருப்புகிறேன்.
பதினொன்றுக்கு வரலாம். பதினொன்றேகால்.

"போதுமா?" என்கிறான்,
என்னிடம்.
கழுத்தில் கொசுவை அடித்துவிட்டு
யோசிக்கிறேன்.