வட்டம் விழாத தட்டு

காலை எட்டேகால். இன்குபேட்டர் கதவைத் திறந்தால்
முதலில் வருவது வாடை.
புளித்த மாவு என்று சொல்லலாம்,
சொன்னால் இன்று இட்லி இறங்காது.
முப்பத்தேழு டிகிரியில் ஓர் இரவு வளர்ந்தவை.
அந்தச் சூட்டுக்குப் பெட்டி எதற்கு,
மே மாதத்துத் தங்கசாலைத் தெருவே போதும்.

தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறேன்.
பொட்டளவில் ஆறு மருந்து வில்லைகள்.
மருந்து கேட்டால்
வில்லையைச் சுற்றி ஒரு வெறுமை விழும்,
29சி-யில் யாரோ வாந்தி எடுத்ததும்
எத்தனை நெரிசலிலும் விழுமே ஓர் இடம்,
அப்படி.
ஸ்கேல் வைத்து அளப்பேன்.
மெரோபெனத்தைச் சுற்றி இருபத்துமூன்று மில்லிமீட்டர் என்றால்
ஒருவர் வீட்டுக்குப் போவார்.

சவரிமுத்துவின் தட்டில்
யாரும் நகரவில்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து
தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே
எஸ் அல்லது ஆர் தட்ட வேண்டும்.
கேட்கும், கேட்காது.
ஆர். ஆர். ஆர்.
ஆறாவது ஆருக்கு விரல் தானாகவே போகிறது.

காசிமேட்டில் வின்ச் கயிறு அறுந்து
தொடை எலும்பு வெளியே தெரிய வந்த மனிதர்.
வந்த அன்று காயத்தைத் துடைத்து வளர்த்த தட்டு
எனக்கு நினைவிருக்கிறது:
ஆறு வட்டங்கள், அகலமாய், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
இது கடலில் ஏறியதல்ல.
இங்கே, எங்களிடம், ஏறியது.

ஏழாம் படுக்கை தேசிங்குக்கும் இதே வரிசை.
ஒன்பதில் பைக்கிலிருந்து விழுந்த பையனுக்கும்.
நேற்று ஐசியூவிலிருந்து வந்த ரத்தத்திலும்.
ஒரே கையெழுத்து, நான்கு விலாசம்.

முப்பது துடைப்புக் குச்சிகளோடு வார்டுக்குப் போனேன்.
படுக்கைக் கம்பி, பிபி பட்டை, சொட்டும் குழாய்,
கட்டு மாற்றும் தள்ளுவண்டியின் கைப்பிடி.
சிஸ்டர் விமலாராணி நின்ற வாக்கிலேயே கையை நீட்டினார்:
"எடுத்துக்கோங்க. நாப்பத்திரண்டு பெட்டு, நான் ஒருத்தி.
ஒவ்வொரு பெட்டுக்கும் ஒழுங்கா கழுவுனா
கழுவிக்கிட்டேதான் இருக்கணும், ஊசி யார் போடுவா?
லாரித் தண்ணி பன்னெண்டு மணிக்கே நின்னுடுது.
சானிட்டைசர் இண்டென்ட் போன வாரமே குடுத்தாச்சு."

சிஸ்டரின் கை சுத்தம்.
இதை ரிப்போர்ட்டில் தனி வரியாக எழுதினேன்,
யாராவது முதலில் அவரைத்தான் கேட்பார்கள் என்பதால்.

குழாயில் இருந்தது.
தள்ளுவண்டியில் இருந்தது.
இருபத்தொன்பதாம் தட்டு,
நர்ஸ் மேஜையில் நூல் கட்டித் தொங்கும் பேனா.
அதில் புல்வெளி.

மாதிரி வாங்கியதற்கு
தினம் நான் கையெழுத்துப் போடுவது அதில்தான்.
போட்டுவிட்டுக் காதோரம் முடியை ஒதுக்குவேன்.
அடுத்த வார்டுக்கு நடப்பேன்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டைத் தட்டின் ஓரத்தில்,
மகளுக்குக் காய்ச்சல் என்று
கொண்டித்தோப்புக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய
ஐந்து மாத்திரையில் மீதி மூன்று இருக்கிறது.
இரண்டிலேயே காய்ச்சல் இறங்கிவிட்டது.
நான் படித்தவள். இந்த வேலை பார்ப்பவள்.

பதினொன்றரைக்கு லேப் ஜன்னலில்
சவரிமுத்துவின் மனைவி, கையில் டோக்கன்.
"ரிப்போர்ட் வந்துருச்சாம்மா? மருந்து பேர் எழுதிட்டீங்களா?"
"வந்துருச்சு" என்றேன்.
முதல் கேள்விக்கு மட்டும்.

காகிதத்தை நான்காக மடித்து
துணிக்கடைப் பையில் வைத்துக்கொண்டாள்,
திறந்து பார்க்கவில்லை.
"கையெழுத்துப் போடணுமே, பேனா இருக்கா?"

பைக்குள் போன என் கை
அங்கேயே நின்றது.

"நீங்க கிளம்புங்க" என்றேன்,
"நானே போட்டுக்கிறேன்."